வாடகை கொடுத்துச் சிரிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஓடிடி தளங்களின் ஆண்டுச் சந்தாவைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து, சந்தாவுக்கு மேல் தனிப்பணம் கேட்கிற வாடகைப் படங்களைப் பற்றிப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே வகைப் படத்தையே சுற்றி வருகின்றன. விருதுக்கு ஆசைப்படாத, ஊரை எரிக்காத, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து சிரித்துவிட்டு எழுந்து போகிற பொழுதுபோக்குப் படம் அது. ஏழு கடிதங்களை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறோம். சென்ற மாதம் ஒரு நகைச்சுவைப் படத்தை 149 ரூபாய் வாடகை கொடுத்துப் பார்த்தோம். பிள்ளைகள் நன்றாகச் சிரித்தார்கள். என் கணவரோ, பண்டிகைக்குத் தொலைக்காட்சியில் வரப்போகிற படத்துக்கு எதற்குக் காசு என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறார். இப்படிப்பட்ட லேசான படங்களுக்கு வாடகை கொடுப்பது வீண்செலவுதானா?
– வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: சகோதரி, உங்கள் கணவரின் கணக்கில் நியாயம் இருக்கிறது; ஆனால் அதில் ஒரு பத்தியை அவர் எழுதாமல் விட்டுவிட்டார். தொலைக்காட்சியில் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்வரை விளம்பரம் போடலாம் என்பது விதி. அந்த விதியைக் கடைப்பிடித்தாலே, இரண்டரை மணி நேரப் படம் முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகைச்சுவைக்கு இந்த இடைவெளி மற்ற எந்த வகைப் படத்தையும்விட அதிகக் கெடுதல் செய்யும். சண்டைக்காட்சியை நடுவில் நிறுத்திவிட்டுச் சோப்பு விளம்பரம் போட்டாலும் திரும்பி வரும்போது சண்டை அங்கேயே நிற்கும்; கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவன் அகப்படுவானா என்ற பரபரப்போ, நான்கு விளம்பரம் கழித்து வந்து பார்த்தால் ஆறிய காப்பியாக இருக்கும்.

அதே சமயம், உங்கள் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் ஒரு சமாதானத்தையும் நான் ஏற்க மாட்டேன். நான்கு பேர் திரையரங்குக்குப் போயிருந்தால் டிக்கெட், வண்டி நிறுத்தக் கட்டணம், சோளப்பொரி என்று எத்தனை செலவாகியிருக்கும், இங்கே 149 ரூபாயோடு முடிந்துவிட்டதே என்று நாம் நம்மைத் தேற்றிக்கொள்கிறோம். அந்தப் படத்துக்காக நீங்கள் திரையரங்குக்குப் போயிருக்கவே மாட்டீர்கள் என்றால், போகாத செலவை மிச்சம் என்று எழுத முடியாது. அன்றைய மாலையில் காசு கொடுக்காமல் வேறு என்ன பார்த்திருப்பீர்கள் என்பதோடு ஒப்பிடுவதுதான் சரி. ஏற்கெனவே கட்டிய சந்தாவுக்குள் பல படங்கள் இருக்கும். யூடியூபில் உரிமையாளர்களே ஏற்றிவைத்த பழைய படங்கள் விளம்பரத்தோடு இலவசமாகக் கிடைக்கின்றன. ஆதித்யா, சிரிப்பொலி போன்ற நகைச்சுவை அலைவரிசைகள் நாள் முழுவதும் துணுக்குக் காட்சிகளாகவே ஓடுகின்றன. இத்தனை இலவசச் சிரிப்புக்கு நடுவில் ஒரு படம் தனியாக 149 ரூபாய் கேட்கிறது என்றால், மற்றவற்றில் கிடைக்காத எதையோ அது தர வேண்டும்.

அந்த ‘எதையோ’ என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கேசட் கடைக்காரர். 1980களின் பிற்பகுதியில் கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு வீடியோ நூலகம் இருந்தது. முன்பணம் கட்டி உறுப்பினராக வேண்டும். நோட்டில் கேசட் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திருப்பிச் சுற்றாமல் கொண்டுவந்தால் முகத்தைச் சுளிப்பார். கல்யாண வீடு, காதுகுத்து என்றால் கேசட்டை ஓட்டும் டெக்கையும் டிவியையும் சேர்த்தே ஓர் இரவுக்கு வாடகைக்கு அனுப்புவார். நாடா தேயத் தேயத் திரையில் கோடு கோடாக விழும் என்பது அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். எந்தக் கேசட்டில் எந்த இடத்தில் கோடு விழும் என்று அவர் மனப்பாடமாகச் சொல்வார். சில படங்களில் நகைச்சுவை நடிகர்கள் வருகிற மூன்று நான்கு இடங்களில் மட்டும் நாடா தேய்ந்திருக்கும், மற்ற இடங்கள் புதிதுபோல இருக்கும்; அவற்றை வாங்குபவர்கள் அந்த இடங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு மீதியைத் தள்ளிவிடுகிறார்கள் என்று பொருள். வேறு சில படங்களில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகத் தேய்ந்திருக்கும். யாராவது ‘நல்ல சிரிப்புப் படமாகக் கொடுங்கள்’ என்று கேட்டால், அவர் சீராகத் தேய்ந்த கேசட்டைத்தான் எடுத்து நீட்டுவார். படம் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும், ஆனால் ஏமாற மாட்டீர்கள் என்பார்.

கேசட் போய்விட்டது, அந்த வேறுபாடு போகவில்லை. தமிழ்ப் படங்களில் நகைச்சுவை இரண்டு விதமாக வரும். ஒன்று, கதைக்குப் பக்கத்தில் தனித் தண்டவாளமாக ஓடுகிற நகைச்சுவைப் பகுதி. என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் தங்கள் பகுதியைத் தாங்களே அமைத்துக்கொண்ட காலத்திலிருந்து அது நம் மரபு. கவுண்டமணி–செந்தில் இணைக்கு ஏ. வீரப்பன் எழுதிய பகுதிகள் அந்த மரபின் உச்சம். 1989இல் வந்த ‘கரகாட்டக்காரன்’ படத்தின் வாழைப்பழக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: படத்தின் கதை தெரியாதவரும், படத்தையே பார்க்காதவரும், அதை முழுதாக ரசிக்க முடியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தனியாக எடுத்தாலும் வாடாமல் நிற்பது பெரிய திறமை. ஆனால், வாடகைக்கு எடுக்க நினைப்பவர் பார்வையில், தனியாக நிற்கக்கூடிய நகைச்சுவை எப்படியும் தனியாக, இலவசமாக, உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர்ந்துவிடும். அதற்காக முழுப் படத்துக்கும் பணம் கொடுப்பது, கறிவேப்பிலைக்காகக் காய்கறிக் கடையையே விலை பேசுவது போன்றது.

இன்னொரு விதம், சிரிப்பே கதையாக இருப்பது. 1990இல் சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கத்தில், கிரேசி மோகன் வசனத்தில் வந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்திலிருந்து நடுவில் ஒரு காட்சியை வெட்டி, ஒன்றும் தெரியாத ஒருவருக்குக் காட்டிப் பாருங்கள். திரையில் நிற்பது ஒரே முகம் கொண்ட நால்வரில் எவர், எதிரில் நிற்பவர் அவரை எவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள் காட்சி முடிந்துவிடும். அங்கே ஒவ்வொரு சிரிப்பும் அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் போட்ட முதலுக்கு வட்டியாக வருகிறது. முதல் போடாதவருக்கு வட்டி கிடையாது. இந்த வகைப் படத்தைத் துணுக்காக யாரும் உங்களுக்கு இலவசமாகத் தந்துவிட முடியாது என்பதால், இதற்குத்தான் வாடகை தகும்.

இரண்டுக்கும் நடுவிலும் சில உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1964இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சி தனியாகவே எத்தனையோ முறை ஒளிபரப்பாகியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு வருகிறது. ஆனால், பணக்காரச் சம்பந்தம் என்றதும் அதே பாலையா எப்படிக் குழைகிறார், அவரை ஏமாற்ற முத்துராமன் எப்படிக் கிழவராக வேடம் போட்டுக்கொண்டு வருகிறார் என்பதையெல்லாம் முழுப் படமாகப் பார்த்தவருக்கு, அந்த மனிதரை ஒரு பேய்க்கதை நடுங்கவைப்பது இன்னும் ஒரு மடங்கு கூடுதலாகச் சிரிப்பைத் தரும்.

எனவே, உங்கள் வீட்டில் வழக்கைத் தீர்க்க ஒரு வழி சொல்கிறேன். அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் உங்கள் பிள்ளைகள் பள்ளியில் எதைச் சொல்லிச் சிரித்தார்கள் என்று கேளுங்கள். ஒரு வசனத்தையோ ஒரு முகச்சேட்டையையோ மட்டும் சொல்லிக்காட்டினால் உங்கள் கணவர் பக்கம் வெற்றி. அது எப்படியும் துணுக்காகக் கிடைத்திருக்கும். ‘முதலில் இவன் அவனிடம் பொய் சொன்னானா, அப்புறம் அவள் வந்தாளா’ என்று முழுக் கதையையும் மூச்சு வாங்கச் சொல்லியிருந்தால், 149 ரூபாய் போன இடம் சரியான இடமே.

கேள்வி: விமரிசனங்களைப் படித்துவிட்டுத்தான் எதையும் வாடகைக்கு எடுப்பேன். ஆனால் லேசான நகைச்சுவைப் படங்களில் மட்டும் விமரிசனமும் என் அனுபவமும் ஒத்துப்போவதே இல்லை. ‘தர்க்கம் இல்லை’ என்று திட்டப்பட்ட படத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். பாராட்டப்பட்ட படத்தில் உறங்கிவிடுகிறேன். தவறு என்னிடமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

பதில்: உங்களிடம் தவறில்லை ஐயா. விமரிசகர் பெரும்பாலும் படத்தை வேலையாகப் பார்க்கிறார். நீங்கள் இரவு உணவுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் பார்க்கிறீர்கள். ஆள்மாறாட்டக் கதையில் தர்க்கம் இல்லை என்று ஒருவர் எழுதினால், ஒட்டுமீசையை வைத்து ஊரையே ஏமாற்ற முடியாது என்பதை அவர் கண்டுபிடித்திருக்கிறார் என்று மட்டுமே கொள்ள வேண்டும். நம் முன்னோர் தெருக்கூத்துக் கட்டியங்காரனிடம் தர்க்கம் கேட்கவில்லை.

ஆனாலும் விமரிசனத்தை ஒதுக்கிவிட வேண்டாம். மதிப்பெண்ணை விட்டுவிட்டு, இரண்டாம் பாதியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். நம் பொழுதுபோக்குப் படங்களின் பழைய நோய் அங்கேதான் இருக்கிறது. இடைவேளைவரை வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று தாய்ப்பாசமும் பழிவாங்கலும் நினைவுக்கு வந்துவிடும். அப்புறம் கடைசிச் சண்டைவரை ஒருவரும் சிரிப்பதில்லை. ‘இரண்டாம் பாதியில் படம் உணர்வுபூர்வமாகிறது’ என்று விமரிசகர் பாராட்டியிருந்தால், சிரிப்பதற்காகப் படம் தேடுகிற நீங்கள் அதை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளலாம். அடுத்துப் படத்தின் நீளத்தைப் பாருங்கள். வாடகைப் பக்கத்திலேயே அது இருக்கும். இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்துக்குள் முடிகிற நகைச்சுவைப் படம், தனக்கு என்ன தெரியும் என்பதை அறிந்து எடுக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டே முக்கால் மணி நேரம் என்றால் எனக்கு ஐயம் வந்துவிடும்.

முன்னோட்டத்தை, அதாவது டிரெய்லரை, நம்பவே நம்பாதீர்கள். படத்தில் இருக்கிற ஐந்து நல்ல சிரிப்பும் அந்த இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். அதைவிட நேர்மையான சாட்சி, ‘ஸ்னீக் பீக்’ என்ற பெயரில் தயாரிப்பு நிறுவனங்கள் வெளியிடுகிற, வெட்டி ஒட்டாத ஒரே காட்சி. ஒரு காட்சியை அவர்கள் எப்படித் தொடங்கி, எவ்வளவு நேரம் நிற்கவிட்டு, எங்கே வெட்டுகிறார்கள் என்பதை அதில் பார்க்கலாம். நகைச்சுவை முழுக்கவும் காலக்கணக்கில் இருக்கிறது; ஒரு வெண்பாவைப் பார்த்த மாத்திரத்தில் தளை தட்டுகிறதா என்று சொல்லிவிடும் உங்களுக்கு, இரண்டு நிமிடக் காட்சியில் அந்தக் கணக்கு தட்டுவதைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்காது.

கடைசியாக, நடிகர் பெயரைப் பார்ப்பதற்கு முன் வசனம் யார் என்று பாருங்கள். நடிகர் எல்லாப் படத்திலும் ஒரே உழைப்பைத்தான் கொடுக்கிறார். எழுத்து கைவிட்ட இடத்தில் அவர் கத்தத் தொடங்குகிறார்.

கேள்வி: வெள்ளிக்கிழமை இரவு ஒரு படத்தை வாடகைக்கு எடுத்து, இருபது நிமிடம் பார்த்துவிட்டுத் தூங்கிவிட்டேன். திங்கள்கிழமை திறந்தால் காலம் முடிந்துவிட்டது என்கிறது. முப்பது நாள் என்றுதானே போட்டிருந்தார்கள்? பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?
– கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, இரண்டு கெடிகாரங்கள் ஓடுகின்றன. பணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கத் தொடங்குவதற்கு வழக்கமாக 30 நாள் அவகாசம். ஆனால் ‘பிளே’ பொத்தானைத் தொட்ட நொடியிலிருந்து பெரும்பாலும் 48 மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். அதற்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். இந்தியாவில் 2022 ஏப்ரலில் அமேசான் பிரைம் வீடியோ வாடகைப் பிரிவைத் தொடங்கியபோதும் இந்த ஏற்பாட்டோடுதான் வந்தது. யூடியூபிலும் இதே வழக்கம்தான். சில படங்களுக்கு இந்தக் காலம் மாறும் என்பதால், பணம் கட்டும் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துவிடுங்கள். பார்க்கவே தொடங்காத படத்துக்கு உடனே விண்ணப்பித்தால் பணம் திரும்பக் கிடைக்க வழி உண்டு; இருபது நிமிடம் பார்த்தபின், அதுவும் தூங்கிப்போன காரணத்துக்கு, கிடைக்காது.

உங்களைப்போல் வாரக்கடைசியில் படம் எடுப்பவர்கள் வெள்ளி இரவில் தொடங்காமல் சனி மாலையில் தொடங்கினால், திங்கள் மாலைவரை கையில் இருக்கும். இருபது நிமிடத்தில் தூங்கினாலும் நட்டமில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டுச் சந்தா கட்டியிருப்பதால் வாடகைப் படமும் அதற்குள் அடங்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அடங்காது. ஆனால், இன்று வாடகைக்கு இருக்கிற படம் சில வாரங்களில் சந்தாவுக்குள் வந்துவிடுவதும் உண்டு. எனவே மிகப் புதிய படத்துக்கு வாடகை கொடுக்கும்போது, படத்துக்கு மட்டுமின்றி உங்கள் அவசரத்துக்கும் சேர்த்தே விலை தருகிறீர்கள்.

கேள்வி: ஒருமுறை பார்த்த நகைச்சுவைப் படத்தையே மறுபடியும் வாடகைக்கு எடுப்பவனை என்னவென்று சொல்வீர்கள்?
– சேலம்

பதில்: விவரமானவர் என்று சொல்வேன். இந்த முறை அவருக்கு ஏமாறுவதற்கு வாய்ப்பே இல்லை. ஒரு படத்தை மூன்றாம் முறையும் எடுக்கப்போகிறார் என்றால் மட்டும், வாடகையை விட்டுவிட்டு விலைக்கே வாங்கிவிடலாமா என்று கணக்குப் பார்க்கச் சொல்வேன். மோசர் பேர் நிறுவனம் 2007 வாக்கில் தமிழ்ப் படங்களின் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்றபோது, வாடகைக் கடைக்குப் போக வேண்டிய தேவையே பல வீடுகளில் இல்லாமல் போனது. இன்று அப்படிப்பட்ட விலை இல்லை.

கேள்வி: எனக்கு எட்டு வயதில் மகளும் பதினான்கு வயதில் மகனும் இருக்கிறார்கள். ‘குடும்பப் பொழுதுபோக்கு’ என்று விளம்பரம் செய்த படத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு, இரட்டை அர்த்த வசனங்களால் நடுவில் நிறுத்த வேண்டியதாயிற்று. பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?
– இல்லத்தரசி, புதுச்சேரி

பதில்: ‘குடும்பப் பொழுதுபோக்கு’ என்பது விளம்பரக்காரர் தானே கொடுத்துக்கொள்ளும் பட்டம், அதற்கு எந்த மதிப்பும் கிடையாது. தணிக்கைச் சான்றிதழைப் பாருங்கள். முன்பு பொதுவாக யூ (எல்லோருக்கும்), யூஏ (பெற்றோர் துணையோடு), ஏ (வயது வந்தோருக்கு மட்டும்) என்று இருந்ததில், நடுவிலுள்ள யூஏ என்பது பெரிய சாக்குப்பையாக இருந்தது. பேய்ப்படமும் அதில் கிடக்கும், பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கதையும் அதில் கிடக்கும். 2023ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்கும் அதையொட்டி 2024இல் வந்த விதிகளுக்கும் பிறகு, அது 7 வயது, 13 வயது, 16 வயது என்று மூன்றாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஓடிடி தளங்கள் தம் சொந்தப் படைப்புகளுக்குத் தாமே வகை குறிப்பதற்கு 2021ஆம் ஆண்டு விதிகளிலேயே இதே வயது வரிசை இருக்கிறது; 13 வயது வகைக்கும் அதற்கு மேற்பட்ட வகைகளுக்கும் பெற்றோர் பூட்டு வைக்கும் வசதியையும் அவை தர வேண்டும். வயது எண்ணுக்கு அருகில், வன்முறை, தகாத மொழி, பாலியல் குறிப்பு என்று காரணத்தையும் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு எண்ணைவிட அந்தக் காரணம்தான் முக்கியம். தகாத மொழி என்று இருந்தால் மகளை வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள்.

பழைய படங்களில் வெறும் யூஏ என்று மட்டுமே இருக்கும். யூ வாங்கிய பழைய நகைச்சுவைப் படங்களிலும்கூட, பெண்ணின் உடல் எடையையோ ஒருவரின் நிறத்தையோ வைத்துச் செய்கிற கேலியைச் சான்றிதழ் சொல்லிவிடாது. உங்கள் மகனுக்குப் பதினான்கு வயது என்கிறீர்கள். அந்த இடங்கள் வரும்போது படத்தை நிறுத்தாமல், ‘இதற்கு ஏன் சிரித்தாய்?’ என்று அவனிடம் ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அடுத்த படத்தில் அவனே முகம் சுளிப்பான். நானும் அப்படி ஒரு கேள்விக்கு என் மகளிடம் பதில் சொல்ல முடியாமல் விழித்தவன்தான்.

கேள்வி: மலையாள நகைச்சுவைப் படங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். வாடகைக்கு எடுக்கும்போது தமிழ் மொழிமாற்றம் எடுப்பதா, மூலத்தை எடுப்பதா என்று ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.
– தனியார் நிறுவன ஊழியர், சென்னை

பதில்: மூலத்தையே எடுங்கள். மலையாள நகைச்சுவையின் பெரும்பகுதி வட்டார வழக்கில் இருக்கிறது. திருச்சூர்க்காரர் பேச்சின் இழுவைக்கும் காசர்கோட்டுக்காரர் பேச்சின் வெட்டுக்கும் உள்ள வேறுபாடே அங்கே பாதிச் சிரிப்பு. மொழிமாற்றம் செய்பவர்கள் இருவரையும் ஒரே பொதுத்தமிழில் பேசவைத்துவிடுகிறார்கள். உதட்டசைவுக்குப் பொருந்தும் சொல்லைத் தேட வேண்டிய அவசரத்தில், அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஒரு கொங்குத் தமிழ்ப் பாத்திரத்தையும் ஒரு நெல்லைத் தமிழ்ப் பாத்திரத்தையும் வேற்றுமொழியில் ஒரே குரலாகக் கேட்டால் நமக்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தமிழ்க் காதுக்கு மலையாளம் பாதி புரியும்; மீதிக்கு எழுத்துரை, அதாவது சப்டைட்டில், இருக்கிறது.

சிரிப்பை ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவே முடியாது என்று இதற்குப் பொருளில்லை. முடியும், ஆனால் அதைப் புதிதாகக் கட்ட வேண்டும். 1979இல் இருஷிகேஷ் முகர்ஜி இந்தியில் எடுத்த ‘கோல்மால்’ கதையை, 1981இல் பாலசந்தர் ‘தில்லு முல்லு’ என்று தமிழில் எடுத்தார். மீசையை வைத்து மனிதனை எடைபோடும் முதலாளி என்ற முடிச்சு அப்படியே இருக்கிறது. விசுவின் வசனமும் தேங்காய் சீனிவாசனின் நடிப்பும் சேர்ந்து, அந்த முதலாளியை நம் ஊரில் நாம் பார்த்த ஒருவராகவே ஆக்கிவிட்டன. மொழிமாற்றத்துக்கு அந்த வாய்ப்புக் கிடையாது.

பணம் கட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில தளங்களில் மூலமும் மொழிமாற்றமும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கும். ஒன்றுக்குக் கொடுத்த வாடகை மற்றொன்றுக்குச் செல்லாது. எழுத்துரை எந்தெந்த மொழியில் இருக்கிறது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.

கேள்வி: என் மனைவி காலமாகி ஓராண்டு ஆகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அவர்கள் தொலைக்காட்சியில் வாடகைப் படம் பார்க்கும் வசதியையெல்லாம் செய்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்த படங்களையே இப்போது தனியாகப் பார்த்தால் சிரிப்பு வருவதில்லை. ஒரு காது சரியாகக் கேட்பதும் இல்லை. எனக்கு இந்தச் செலவு தேவையா?
– எழுபத்திரண்டு வயது வாசகர், மதுரை

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருந்தேன். நகைச்சுவை கூட்டத்தில் பெருகுகிற பொருள் என்பதைத் திரையரங்கில் உட்கார்ந்த எல்லோரும் அறிவார்கள். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பதைப் பார்த்துத்தான் நமக்குப் பாதிச் சிரிப்பு வருகிறது. அந்தப் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும்போது அதே படத்தைப் போட்டால், எந்த இடத்தில் அவர் சிரித்தார் என்பதுதான் நினைவுக்கு வரும். எனவே சேர்ந்து பார்த்த படங்களை இப்போதைக்கு எடுக்காதீர்கள். இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அவர் பார்த்திராத படங்களாக எடுங்கள். முதல் பதிலில் சொன்ன இரண்டாம் வகை, அதாவது கதை முடிச்சால் சிரிக்கவைக்கிற படம், தனியாக இருப்பவருக்குப் பொருந்தும். ஏனென்றால் அதில் சிரிப்பு வராத இடங்களிலும், அடுத்து என்ன ஆகும் என்று மனம் வேலை செய்துகொண்டிருக்கும். நடிகர்கள் வரிசையாக நின்று வசனத் துணுக்கு அடிக்கிற படங்கள், எதிரில் ஆள் இல்லாமல் பார்க்கும்போது இரைச்சலாகவே தோன்றும். மாதத்துக்கு ஒன்று போதும். மாதம் முழுக்க ஓடும் சந்தாவைவிட, உங்களைப்போல் மாதம் ஒரு படம் பார்ப்பவருக்கு வாடகை சிக்கனமாக முடியவும் கூடும்.

காதுக்குச் சொல்கிறேன். எழுத்துரையைப் போட்டுக்கொள்ளுங்கள். தமிழ்ப் படங்களுக்குப் பல இடங்களில் ஆங்கில எழுத்துரை மட்டுமே இருப்பது நம்மவர்கள் செய்கிற பெரிய அநியாயம். தன் மொழியிலேயே காது கேளாதவர் ஒருவர் இருக்கக்கூடும் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. இருப்பினும் பணம் கட்டுவதற்கு முன் பாருங்கள், தமிழிலேயே எழுத்துரை உள்ள படங்களும் இப்போது வருகின்றன. அது இல்லாத படமென்றால், தொலைக்காட்சி அமைப்பில் வசனத்தை மட்டும் தெளிவாக்கும் ஒலித்தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் இருக்கிறது. பின்னணி இசை அடங்கிப் பேச்சு முன்னுக்கு வரும்.

எதிர்வீட்டில் யாராவது மாலையில் சும்மா இருப்பவர் இருந்தால், நேரம் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒருமுறை தொடங்கிவிட்டால் 48 மணி நேரந்தான் என்று சொன்னால், அவரும் நாளைக்குப் பார்ப்போம் என்று தட்டிக்கழிக்க மாட்டார்.